நாமே எழுதிய வழிசெலுத்தல் மெனு பழுதடைந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரியாக்ட், வியூ, நெக்ஸ்ட் போன்ற கட்டமைப்புகளில் தளத்தின் தலைப்பு மெனுவை ஆயத்த நூலகம் எதையும் நாடாமல் தாமே ஒரு காம்போனென்டாக (இடைமுகத்தின் தனித் துண்டாக) எழுதியவர்களுக்கான வழிமுறை இது. "மெனு வேலை செய்யவில்லை" என்ற ஒரே முறையீட்டுக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் இருக்கக்கூடும். ஆகவே நிரலில் கை வைப்பதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் அறிகுறி எது என்பதைத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டு, அதற்குரிய தலைப்புக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும் நிரலை மாற்றியமைக்க வேண்டிய காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றைப் பார்த்துவிடுங்கள். உலாவியின் கன்சோலில் சிவப்பு நிறப் பிழைச்செய்தி இருக்கிறதா? உலாவி நீட்சிகள் இல்லாத தனிச் சாளரத்திலும் அதே பழுது தோன்றுகிறதா? மேம்பாட்டுச் சூழலிலும் இறுதியாகக் கட்டமைத்த பதிப்பிலும் ஒரே மாதிரி நடக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது விடையானால், சிஎஸ்எஸ் கோப்புகள் ஏற்றப்படும் வரிசை இரண்டு சூழல்களிலும் வேறுபடுகிறதா என்பதையும், டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியைப் பயன்படுத்துவோர் வகுப்புப் பெயர்களைத் துண்டுகளாக ஒட்டி உருவாக்குகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டி உருவாக்கிய பெயர்களை அந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாததால், அவற்றுக்கான விதிகள் இறுதிப் பதிப்பில் இடம்பெறாமல் போய்விடும்.

## அறிகுறி: பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

கிளிக் பட்டனைச் சென்று சேர்கிறதா? டெவலப்பர் கருவியின் உறுப்புத் தேர்வானை எடுத்துப் பட்டனின் மேல் வையுங்கள். பட்டனுக்குப் பதிலாக வேறொரு பெட்டி ஒளிர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதன் மேல் படர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது மூடிய நிலையிலும் ஒளிபுகும் தன்மையை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு அங்கேயே விடப்பட்ட மெனுப் பலகையாகவோ, அதன் பின்னணித் திரையாகவோ இருக்கும். மூடிய நிலையில் விசிபிலிட்டி ஹிட்டன் என்பதையும் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

காம்போனென்ட் உலாவியில் உயிர்பெற்றிருக்கிறதா? கிளிக்கைக் கவனிக்கும் செயற்கூற்றில் ஒரு கன்சோல் வரியைச் சேர்த்துப் பாருங்கள். கிளிக் பட்டனை அடைந்தும் அந்த வரி அச்சாகவில்லை என்றால், காம்போனென்ட் சேவையகத்தில் உருவான வெறும் எச்டிஎம்எல்லாகவே நின்றுவிட்டது. நெக்ஸ்டின் ஆப் ரவுட்டரில் கிளையன்ட் காம்போனென்ட் என்ற அறிவிப்பும், ஆஸ்ட்ரோவில் கிளையன்ட் டைரக்டிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வரி இரண்டு முறை அச்சாகிறதா? அப்படியானால் மெனு திறந்து, கண் இமைப்பதற்குள் மூடுகிறது. பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போலத் தெரிகிறது. ரியாக்ட் 18 முதல், ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை முறை மேம்பாட்டுச் சூழலில் ஒவ்வொரு எஃபெக்டையும் (காம்போனென்ட் திரைக்கு வந்த பின் இயங்கும் நிரலையும்) ஒரு முறை இயக்கி, அகற்றி, மீண்டும் இயக்குகிறது. எஃபெக்டின் முடிவில் லிஸனரை (நிகழ்வைக் கவனிக்கும் செயற்கூற்றை) நீக்கும் செயற்கூற்றைத் திருப்பித் தராவிட்டால் இரண்டு லிஸனர்கள் தங்கிவிடும். ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்தால் அறிகுறி மறையும், ஆனால் பழுது மறையாது. அணைக்காமல், விடுபட்ட நீக்கத்தை எழுதுங்கள்.

## அறிகுறி: திறந்த கணத்திலேயே மூடிக்கொள்கிறது, அல்லது மூட முயன்றால் மீண்டும் திறக்கிறது

கையால் எழுதிய மெனுக்களில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வரும் பழுது இதுதான். வேர்க்காரணம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: திறப்பதையும் மூடுவதையும் ஒரே கிளிக்கைப் பார்த்து இரண்டு இடங்கள் தனித்தனியே முடிவு செய்கின்றன. "வெளியே கிளிக் செய்தால் மூடு" என்று டாக்குமென்டில் வைத்த லிஸனரைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். மெனு சரியாகத் திறந்து மூடினால், கீழுள்ள நான்கில் ஒன்று நடக்கிறது.

*திறந்தவுடனேயே மூடுகிறது என்றால்:* ரியாக்ட் 17 முதல் நிகழ்வுகள் டாக்குமென்டில் அல்லாமல் செயலியின் வேர் உறுப்பில் பிடிக்கப்படுகின்றன. ரியாக்ட் 18-இல் கிளிக்கினால் எழும் எஃபெக்ட்கள் தாமதமின்றி உடனே இயக்கப்படுகின்றன. இவ்விரண்டும் சேரும்போது, பட்டனில் விழுந்த கிளிக் மெனுவைத் திறந்து, அதன் விளைவாக டாக்குமென்டில் ஒரு புதிய லிஸனர் பதிந்து, அதே கிளிக் மேலேறி டாக்குமென்டை அடையும்போது அந்தப் புதிய லிஸனரே அதைப் பிடித்து மெனுவை மூடிவிடுகிறது. பட்டனையும் பலகையையும் சேர்த்துச் சுற்றியுள்ள உறுப்புக்கு ஒரு ரெஃப் (அந்த உறுப்பை நிரலிலிருந்து சுட்டும் குறிப்பு) வைத்து, கிளிக் விழுந்த உறுப்பு அதற்குள் அடங்குமானால் லிஸனர் எதுவும் செய்யாமல் திரும்பும்படி எழுதுவதே சரியான தீர்வு. சிலர் பட்டனிலேயே நிகழ்வு மேலேறுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் பக்கத்தில் திறந்திருக்கும் வேறொரு பட்டியலும் அந்த கிளிக்கை அறியாமல் திறந்தபடியே நின்றுவிடும்.

*பட்டனை அழுத்தினால் மூடி மீண்டும் திறக்கிறது என்றால்:* வெளி லிஸனர் மவுஸ்டவுன் நிகழ்வையும் பட்டன் கிளிக் நிகழ்வையும் கேட்கின்றன. மவுஸின் பொத்தான் அழுத்தப்பட்டவுடன் லிஸனர் மூடுகிறது. விரல் எடுக்கப்பட்டவுடன் பட்டன், மூடியிருப்பதைக் கண்டு திறக்கிறது. இங்கே ரெஃப் பலகையை மட்டும் சுற்றியிருக்கும், பட்டனைச் சுற்றியிருக்காது. முந்தைய தீர்வே இதற்கும் பொருந்தும்.

*மெனுவுக்குள் உள்ள இணைப்பை அழுத்தும்போது பக்கம் மாறாமல் மூடுகிறது என்றால்:* பலகையைப் போர்ட்டல் அல்லது டெலிபோர்ட் (உறுப்பைப் பக்கத்தின் வேறிடத்தில் பொருத்தும் வசதி) வழியாக பாடியின் அடியில் வைத்திருக்கிறீர்களா? காம்போனென்ட் மரத்தில் அது மெனுவின் பிள்ளையாக இருந்தாலும் உலாவி வைத்திருக்கும் உண்மையான உறுப்பு மரமான டாமில் தலைப்பு உறுப்புக்கு வெளியே இருப்பதால், "உள்ளே அடங்குமா" என்ற சோதனை "இல்லை" என்றே விடை தரும். பலகைக்குத் தனியாக இன்னொரு ரெஃப் வைத்து இரண்டையும் சோதியுங்கள்.

*சஃபாரியில் மட்டும் இப்படி நடக்கிறது என்றால்:* மேக் கணினியின் சஃபாரி, பட்டனை மவுஸால் கிளிக் செய்யும்போது அதற்கு ஃபோகஸ் தருவதில்லை. ஃபோகஸ் நீங்கும்போது எழும் ப்ளர் நிகழ்வை நம்பி மூடும் மெனு அங்கே, ஃபோகஸ் எங்கே போனது என்பது தெரியாமல், கிளிக் முடியும் முன்பே மூடிவிடும். மூடுவதற்கு ப்ளரை மட்டும் நம்பாமல், மேலே சொன்ன ரெஃப் சோதனையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

நான்கையும் சரிசெய்த பின்னும், பல அடுக்குத் துணைமெனுக்களில் இது தொடர்ந்தால், திறந்திருப்பது எது என்ற நிலை ஒவ்வொரு துணைமெனுவுக்குள்ளும் தனித்தனியே சிதறிக் கிடக்கிறது என்று பொருள். அதை மேல்நிலைக் காம்போனென்டில் ஒரே மாறியாக, "இப்போது திறந்திருக்கும் மெனுவின் அடையாளம்" என்று மாற்றி எழுதுங்கள். மூன்றாம் அடுக்கு வரை செல்லும் மெனுவானால், ரேடிக்ஸ் யூஐ, ரியாக்ட் ஏரியா, ஹெட்லெஸ் யூஐ போன்ற ஆயத்த நூலகம் ஒன்றுக்கு மாறுவதையும் இந்த இடத்திலேயே தீவிரமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: துணைமெனு மறைகிறது அல்லது பாதியில் வெட்டுப்படுகிறது

முதலில் இவ்விரண்டில் எது நடக்கிறது என்று பிரித்தறியுங்கள். துணைமெனுவின் மேல் வேறொரு படமோ பெட்டியோ வரையப்பட்டிருந்தால் அது மறைக்கப்படுகிறது. எதுவும் மேலே இல்லாமல் நேர்கோட்டில் சட்டென்று முடிந்தால் அது வெட்டப்படுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. வெட்டப்படும் மெனுவுக்கு இசட்-இண்டெக்ஸை (எது மேலே வரையப்படும் என்பதற்கான எண்ணை) எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை.

### மறைக்கப்படுகிறது என்றால்

துணைமெனுவின் பொசிஷன் இயல்பு நிலையான ஸ்டாட்டிக் என்றே இருக்கிறதா என்று பாருங்கள்; ஃப்ளெக்ஸ், கிரிட் ஆகியவற்றின் நேரடிப் பிள்ளைகளைத் தவிர, ஸ்டாட்டிக் உறுப்புகளில் இசட்-இண்டெக்ஸ் செயல்படாது. அது சரியாக இருந்தால், துணைமெனுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூதாதை உறுப்பாக மேலே ஏறிச் சென்று, டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், ஒன்றுக்குக் குறைவான ஒபாசிட்டி, ஃபிக்ஸட் அல்லது ஸ்டிக்கி பொசிஷன் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்த மூதாதை தனக்கென ஓர் அடுக்குச் சூழலை உருவாக்கிவிட்டது. உள்ளே இருக்கும் 9999 வெளியே இருக்கும் 2-உடன் போட்டியிடவே முடியாது. மூதாதையின் எண்தான் கணக்கில் வரும். ஆகவே எண்ணை உயர்த்த வேண்டிய இடம் துணைமெனு அல்ல, தலைப்புப் பட்டைதான். பக்க உள்ளடக்கத்தில் அசைவூட்டத்துக்காகச் சேர்த்த டிரான்ஸ்ஃபார்ம், நேற்று வரை சரியாக இருந்த மெனுவை இன்று மறைப்பதும் இதே வழியில்தான்.

### வெட்டப்படுகிறது என்றால்

ஓவர்ஃப்ளோ ஹிட்டன் அல்லது ஆட்டோ உள்ள மூதாதையைத் தேடுங்கள். குறுகிய திரையில் மெனுவைப் பக்கவாட்டில் நகர்த்தும்பொருட்டுக் கிடைமட்ட ஓவர்ஃப்ளோவை மட்டும் ஆட்டோ என்று வைத்திருந்தால், செங்குத்து ஓவர்ஃப்ளோவும் தானாகவே ஆட்டோவாகிவிடும் என்பது சிஎஸ்எஸ் விதி. ஒரு திசையில் மட்டும் நகர்வும் மறு திசையில் வழிதலும் அதில் கிடைக்காது. அந்த ஓவர்ஃப்ளோ உண்மையிலேயே தேவைப்படுமானால், பலகையைப் போர்ட்டலுக்கு மாற்றுங்கள், அல்லது உலாவியின் பாப்ஓவர் பண்பைப் பயன்படுத்துங்கள். பாப்ஓவராகத் திறப்பது பக்கத்தின் அனைத்துக்கும் மேலான தனி அடுக்கில் வரையப்படுவதால், மறைதல், வெட்டுப்படுதல் இரண்டும் ஒருசேர நீங்குகின்றன. குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் இது கிடைக்கிறது. ஆனால் பலகையைப் பட்டனுக்குக் கீழே சரியாக நிறுத்தும் வேலை அப்போது உங்களுடையதாகிறது. ஃப்ளோட்டிங் யூஐ போன்ற நூலகம் அதற்கு உதவும்.

## அறிகுறி: கைபேசியில் மட்டும் கோளாறு

கணினி மெனுவே சிறிதாகத் தெரிகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா குறி விடுபட்டிருக்கும். அது இல்லாதபோது கைபேசி உலாவிகள் பொதுவாகப் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதிச் சுருக்கிக் காட்டுவதால், உங்கள் மீடியா குவெரி (திரை அகலத்துக்கேற்ற சிஎஸ்எஸ் விதி) ஒருபோதும் பொருந்தாது.

முழுத்திரை மெனு தலைப்புப் பட்டையின் உயரத்துக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கிறது. தலைப்புக்குக் கண்ணாடி போன்ற மங்கல் தரும் பேக்டிராப்-ஃபில்டர், அல்லது டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் இருக்கிறதா? இருந்தால், அதற்குள் உள்ள ஃபிக்ஸட் உறுப்பு திரையை விட்டுவிட்டு அந்தத் தலைப்பையே அளவுகோலாகக் கொள்கிறது. மெனுவைத் தலைப்புக்கு வெளியே உடன்பிறப்பாக எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் மங்கலைத் தலைப்பின் போலி உறுப்பு ஒன்றுக்கு மாற்றுங்கள்.

கடைசி இணைப்புகள் உலாவியின் பட்டைக்கு அடியில் மறைகின்றன. உயரத்தை 100 விஎச் என்பதற்குப் பதிலாக 100 டிவிஎச் (உலாவிப் பட்டைகள் நீங்கலாக அப்போது தெரியும் உயரம்) என்று கொடுத்து, பலகைக்குள் நகர்வையும் அனுமதியுங்கள்.

மெனுவை மூடிய பின் பக்கம் நகரவே இல்லை. மெனு திறந்திருக்கையில் பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் இடும் நிரல், மூடும் பட்டனை அழுத்தும்போது மட்டும் அதை நீக்குகிறது. இணைப்பின் வழியே பக்கம் மாறி காம்போனென்ட் அகற்றப்படும்போது நீக்குவதில்லை. பூட்டுவதையும் திறப்பதையும் ஒரே எஃபெக்டில் இணையாக எழுதுங்கள்.

## அறிகுறி: வேறு பக்கத்துக்குச் சென்ற பின்னும் மெனு திறந்தே இருக்கிறது

மெனு பொதுவான லேஅவுட்டில் இருப்பதால் பக்கம் மாறினாலும் அதன் நிலை அழிவதில்லை. பாதை மாறும்போது மூடும்படி ஓர் எஃபெக்ட் எழுதுங்கள். பயனர் தாம் இருக்கும் பக்கத்தின் இணைப்பையே அழுத்தினால் பாதை மாறாது, மெனுவும் மூடாது. எனவே இணைப்பின் கிளிக்கிலும் மூடுங்கள். இதற்கு மாறாக, ஒவ்வொரு கிளிக்கிலும் திரை வெளுத்து முழுப் பக்கமும் மீண்டும் ஏற்றப்படுகிறது என்றால், கட்டமைப்பின் இணைப்புக் காம்போனென்டுக்குப் பதிலாகச் சாதாரண ஆங்கர் குறி எழுதப்பட்டிருக்கும்.

## அறிகுறி: நடப்புப் பக்கத்தின் இணைப்பு தவறாக ஒளிர்கிறது

*பக்கம் மாறியும் பழைய இணைப்பே ஒளிர்கிறது:* உலாவியின் லொகேஷன் பொருளை ஒரு முறை படித்துவிட்டு நிறுத்தியிருப்பீர்கள். ரவுட்டர் தரும் பாதையைக் கேளுங்கள். நெக்ஸ்டில் லேஅவுட்கள் பக்கம் மாறும்போது மீண்டும் இயக்கப்படுவதில்லை. பாதையைப் படிக்கும் பகுதியைச் சிறிய கிளையன்ட் காம்போனென்டாகப் பிரிக்க வேண்டும்.

*இரண்டு இணைப்புகள் சேர்ந்து ஒளிர்கின்றன:* பாதையின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு, "/" என்ற முகப்பு எல்லாப் பக்கத்திலும் பொருந்தும். ரியாக்ட் ரவுட்டரின் நேவ்லிங்கில் எண்ட் என்ற பண்பைச் சேர்த்தால் முழுப் பொருத்தம் மட்டுமே ஏற்கப்படும். வியூ ரவுட்டர் முழுப் பொருத்தத்துக்கென்றே தனி வகுப்பு ஒன்றைத் தருகிறது.

*எந்த இணைப்பும் ஒளிரவில்லை:* இறுதிச் சாய்கோடு ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலிருப்பது எளிய காரணம். தமிழ் எழுத்துகளில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. உலாவியின் லொகேஷன் பொருள் பாதையை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றித் தருவதால், மெனுத் தரவில் உள்ள "/கட்டுரைகள்" என்பதோடு அது ஒருபோதும் சமமாகாது. ஒப்பிடும் முன் டிகோட்யூஆர்ஐ வழியாக மீட்டெடுங்கள். இந்தக் காரணத்தை ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை என்பதால், தமிழ்த் தளம் அமைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

## அறிகுறி: மவுஸை நகர்த்தும்போது துணைமெனு நழுவிப் போகிறது

மேல் இணைப்புக்கும் பலகைக்கும் இடையில் மார்ஜினால் விழுந்த இடைவெளியை பேடிங்காக மாற்றுங்கள். அதன் பின்னும் குறுக்காக நகரும்போது மூடினால், மூடுவதை 200 முதல் 300 மில்லி விநாடி தாமதப்படுத்துங்கள். சுட்டி திரும்பி வந்தால் அந்தத் தாமதத்தை ரத்து செய்ய மறக்காதீர்கள். தொடுதிரையில் ஹோவர் நம்பத்தக்கதன்று. ஹோவர் விதிகளை, ஹோவர் வசதி உள்ள கருவிகளுக்கான மீடியா குவெரிக்குள் அடைத்துவிட்டு, திறப்பதற்குக் கிளிக்கை எல்லாக் கருவிகளிலும் வைத்திருங்கள்.

## அறிகுறி: பக்கம் ஏறும்போது மெனு ஒரு கணம் மாறித் துள்ளுகிறது, கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கை வருகிறது

சேவையகம் தந்த எச்டிஎம்எல்லை உலாவியில் உயிர்பெறச் செய்வதே ஹைட்ரேஷன். இங்கே சேவையகம் உருவாக்கியதும் உலாவி முதலில் உருவாக்கியதும் வேறுபடுகின்றன. திரையின் அகலத்தைப் படித்து "கைபேசி மெனுவா, கணினி மெனுவா" என்று நிரலில் முடிவெடுப்பதுதான் வழக்கமான காரணம். அந்த முடிவைச் சிஎஸ்எஸ் மீடியா குவெரியிடம் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்து, உலாவிச் சேமிப்பிலிருந்து படிக்கும் உள்நுழைவு நிலை. அதை எஃபெக்டுக்குள் படித்து, அதுவரை ஒரே அகலமுள்ள வெற்றிடத்தைக் காட்டலாம். அடையாள எண்களை ரேண்டமாக உருவாக்குபவர்கள் ரியாக்ட் 18, வியூ 3.5 முதல் கிடைக்கும் யூஸ்-ஐடிக்கு மாறலாம். உள்நுழைவு நிலையைச் சேவையகத்திலேயே அறிய வேண்டிய தேவை இருந்தால், அது குக்கி, தற்காலிகச் சேமிப்பு ஆகியவற்றின் பாதுகாப்பைத் தொடும் வேலை. பின்தளப் பொறியாளரை அழைக்க வேண்டிய இடம் இது.

## அறிகுறி: விசைப்பலகையாலோ திரைவாசிப்பானாலோ பயன்படுத்த முடியவில்லை

இந்த அறிகுறி பெரும்பாலும் முறையீடாக வந்து சேர்வதில்லை. மெனுவைத் திறக்க முடியாதவர், முறையீடு எழுதும் பக்கத்துக்கும் அந்த மெனுவின் வழியேதான் போக வேண்டியிருக்கும். ஆகவே முறையீட்டுக்குக் காத்திராமல், மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப் ஆகிய விசைகளை மட்டும் கொண்டு மெனு முழுவதையும் கடந்து பாருங்கள்.

பட்டனில் டேப் நிற்கவே இல்லை என்றால், அது டிவ் உறுப்பில் கிளிக் வைத்து எழுதப்பட்டது. பண்புகளைச் சேர்த்து ஒப்பேற்றாமல், உண்மையான பட்டன் உறுப்பாக மாற்றுங்கள். ஃபோகஸ், என்டர், ஸ்பேஸ் மூன்றும் அதனுடன் இலவசமாக வருகின்றன. நிற்கிறது ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றால், யாரோ அழகுக்காக அவுட்லைனை நீக்கியிருக்கிறார்கள். மூடிய மெனுவின் இணைப்புகளுக்குள்ளும் டேப் புகுந்து, ஃபோகஸ் கண்ணுக்குத் தெரியாமல் அலைகிறது என்றால், திரைக்கு வெளியே நகர்த்தி மட்டும் மறைத்திருக்கிறீர்கள். விசிபிலிட்டி ஹிட்டன் அல்லது இனர்ட் பண்பு அதைத் தடுக்கும். ஃபோகஸ் பெற்ற இணைப்பு ஒட்டி நிற்கும் தலைப்பின் கீழ் மறைந்தால், ஸ்க்ரோல்-பேடிங்கைத் தலைப்பின் உயரத்துக்கு வையுங்கள்.

எஸ்கேப் மெனுவை மூட வேண்டும்; மூடிய பின் ஃபோகஸ், மெனுவைத் திறந்த பட்டனுக்கே திரும்ப வேண்டும். பட்டனில் ஏரியா-எக்ஸ்பாண்டட் திறப்புக்கும் மூடலுக்கும் ஏற்ப மாறுகிறதா என்றும், நடப்புப் பக்கத்தின் இணைப்பில் ஏரியா-கரண்ட் இருக்கிறதா என்றும் டெவலப்பர் கருவியில் பாருங்கள். மெனு என்ற ரோலை (உறுப்பின் பணியைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் பண்பை) தள வழிசெலுத்தலுக்கு இடாதீர்கள். அந்த ரோல் செயலிகளின் கட்டளைப் பட்டியலுக்கானது; அதை இட்டவுடன் அம்புக்குறி விசைகளால் நகரும் வசதியைப் பயனருக்கு வாக்களித்தவராகிறீர்கள். நேவ் உறுப்புக்குள் ஒரு பட்டியல், பட்டியலுக்குள் இணைப்புகள், துணைமெனுவுக்கு ஒரு பட்டன் என்பதே போதுமானது. தொடும் இலக்குகளைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, சில விலக்குகளுடன், குறைந்தது 24 × 24 சிஎஸ்எஸ் பிக்சலைக் கேட்கிறது.

இவற்றை முடித்த பின், என்விடிஏ, வாய்ஸ்ஓவர், டாக்பேக் ஆகிய திரைவாசிப்பான்களில் ஒன்றை இயக்கிக் காதால் கேட்டுப் பாருங்கள். லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைகள் விடுபட்ட பெயர்களைக் கண்டுபிடிக்கும்; ஃபோகஸ் தொலைந்துபோவதைக் கண்டுபிடிக்காது. கல்வி, மருத்துவம், வங்கி, அரசுச் சேவை ஆகியவற்றுக்கான தளமென்றால் இந்தக் கட்டத்தில் உங்கள் சோதனையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அணுகல்தன்மை வல்லுநரையும், திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துபவர்களையும் அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மெனு வழியாகச் சென்றால் திறக்கும் பக்கம், ரீலோட் செய்தால் 404 காட்டுகிறது

இது மெனுவின் பழுதே அல்ல. மெனு நிரலைத் தொடாதீர்கள். ஒற்றைப் பக்கச் செயலிகளில் பாதையை உலாவியில் உள்ள ரவுட்டர் மட்டுமே அறியும். ரீலோட் செய்யும்போது அந்தப் பாதையைச் சேவையகம் ஒரு கோப்பாகத் தேடித் தோற்கிறது. இல்லாத பாதைகள் எல்லாவற்றுக்கும் முதன்மை எச்டிஎம்எல் கோப்பையே அனுப்பும்படி சேவையக அமைப்பில் ஒரு விதி வேண்டும். தளம் துணைக்கோப்புறையில் இருந்தால் ரவுட்டரின் அடிப்படைப் பாதை அதோடு பொருந்துகிறதா என்பதை மட்டும் நீங்கள் சரிபார்க்கலாம். சேவையக அமைப்பைத் திருத்தும் உரிமை உங்களிடம் இல்லையென்றால், பழுது தோன்றும் முழு முகவரியையும் உலாவியின் நெட்வொர்க் தாவலில் தெரியும் பதிலையும் இணைத்து, சேவையகத்தைப் பராமரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.